பத்து வருஷம் ஒரு லீ குவான் யூ இருந்தால் போதும் என்பவர்களுக்கு என்ன பதில்?

வடகரை வாசகன் (கேள்வி)

டீக்கடை பெஞ்சிலிருந்து குடும்ப வாட்ஸப் குழு வரை ஒரே பல்லவிதான். ஜனநாயகம் நமக்கு ஒத்துவராது, பத்து வருஷம் கையில் சாட்டையோடு ஒருத்தர் உட்கார்ந்தால் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும், லீ குவான் யூ ஆண்ட சிங்கப்பூரைப் பார்.

மக்களாட்சியின் மாண்பு பற்றிய சொற்பொழிவு வேண்டாம், அது எடுபடுவதில்லை. சிங்கப்பூரில் வேலை நடந்தது எந்தச் சட்டத்தால், எந்த அமைப்பால்? அதில் எதற்கெல்லாம் ஆள்களைப் பிடித்து உள்ளே போட வேண்டியிருந்தது, எதற்கு அது தேவைப்படவே இல்லை? அதே வழியில் போன மற்ற நாடுகள் எங்கே சறுக்கின? விவரம் தெரிந்தவர்கள் ஆண்டு, எண் போட்டு எழுதினால் நல்லது.

தெம்பனிஸ் ராஜா

முதலில் ஒரு திருத்தம். சிங்கப்பூரில் 1959 முதல் தேர்தல் தவறாமல் நடக்கிறது. வாக்களிப்பது கட்டாயம், தகுந்த காரணமில்லாமல் போகாமல் இருந்தால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும், திரும்பச் சேர 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். எண்ணிக்கையில் தில்லுமுல்லு கிடையாது. ஆட்டம் சாய்வது வாக்குச்சாவடிக்கு வெளியே.

1988 முதல் குழுத்தொகுதி முறை இருக்கிறது. இப்போது நான்கு அல்லது ஐந்து பேர் ஓர் அணியாக நிற்க வேண்டும், ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். ஜெயித்தால் அணி முழுதும் உள்ளே, தோற்றால் முழுதும் வெளியே. 2020இலும் 2025இலும் வைப்புத்தொகை ஆளுக்கு 13,500 வெள்ளி. ஐவர் அணிக்கு 67,500. எட்டில் ஒரு பங்கு வாக்கு வராவிட்டால் அது திரும்பாது. சின்னக் கட்சிகளுக்குப் பணத்தைவிட, ஒரே தரத்தில் ஐந்து பேரைத் தேடிப் பிடிப்பதுதான் தலைவலி. தொகுதி எல்லையை வரையும் குழுவை அமைப்பவர் பிரதமர். பிரசாரத்துக்குச் சட்டம் உறுதி தருவது ஒன்பது நாள். 1974 பத்திரிகைச் சட்டப்படி நாளிதழ் நிறுவனங்களில் 'நிர்வாகப் பங்கு' என்று ஒன்று உண்டு. ஆசிரியர், நிர்வாகிகள் நியமனத்தில் அதற்குச் சாதாரணப் பங்கைப்போல 200 மடங்கு வாக்குரிமை. யார் கையில் அது இருக்கலாம் என்பதற்கு அரசின் ஒப்புதல் வேண்டும். பத்திரிகையைப் பூட்ட வேண்டிய அவசியமே வராது.

விளைவு: 2020இல் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு 61.24 விழுக்காடு வாக்கு, 93 இடங்களில் 83. 2025இல் 65.57 விழுக்காட்டுக்கு 97இல் 87. ஆனாலும் 2011இல் அல்ஜுனிட் குழுத்தொகுதியை எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி பிடித்தபோது வெளியுறவு அமைச்சரே பதவி இழந்தார். மறுஎண்ணிக்கை, கலவரம், ராணுவம் எதுவும் இல்லை. உங்கள் வாட்ஸப் குழு நினைக்கும் 'சாட்டை' ஆட்சியில் இப்படி ஒரு காட்சி வராது.

ஊழல் விஷயம். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு 1952இல் பிரிட்டிஷார் தொடங்கியது. 1951இல் நடந்த ஓர் அபின் கொள்ளையில் போலீஸ்காரர்களே சம்பந்தப்பட்டிருந்தார்கள். போலீஸை விசாரிக்கப் போலீஸ் உதவாது என்று தனிப் பிரிவாக்கினார்கள். 1960 சட்டம் அதற்குப் பல் கொடுத்தது: வருமானத்துக்கு மீறிய சொத்துக்குக் கணக்குக் காட்ட முடியாவிட்டால் அதையே துணைச் சாட்சியமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். 1991 அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பிரதமர் விசாரணைக்கு அனுமதி மறுத்தாலும் அதிபர் இசைந்தால் அதன் இயக்குநர் விசாரணையைத் தொடரலாம். தேசிய வளர்ச்சி அமைச்சர் தே சியாங் வான் விசாரணையில் இருக்கும்போதே 1986 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார். முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு 2024 அக்டோபரில் 12 மாதச் சிறை. கூடவே சம்பளம்: 2012 சீரமைப்புக்குப் பிறகு பிரதமருக்கு ஆண்டுக்கு 22 லட்சம் வெள்ளி.

இந்தப் பட்டியலில் எதிலாவது எதிர்க்கட்சிக்காரரை உள்ளே வைப்பது ஒரு பாகமாக இருக்கிறதா? 1963 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் பிடித்தார்கள். எம்.பி.யாக இருந்த சியா தை போவை 1966 முதல் 1989 வரை விசாரணையே இல்லாமல் சிறையில் வைத்தார்கள். பிறகு செந்தோசாத் தீவில் குடியமர்த்தினார்கள். கடைசிக் கட்டுப்பாடு விலகியது 1998இல். அதனால் ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடாவது கூடுதலாக எழும்பியதா?

ஜே.பி. ஜெயரத்தினம் கதையும் அப்படியே. யாழ்ப்பாண வம்சாவளித் தமிழர், 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயித்து, ஆளுங்கட்சி மட்டுமே இருந்த நாடாளுமன்றத்தில் தனி ஆளாக உட்கார்ந்தவர். வழக்கு, அபராதம், பதவிநீக்கம், வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கம். 1988இல், அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று சொல்லி வழக்கறிஞர் தொழிலைத் திருப்பித் தந்தது. சிங்கப்பூர் அடுத்துச் செய்தது, பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழியைக் குறுக்கி, 1994இல் முழுதாக மூடியது.

சுண்ணாம்புக்கல்

ராஜா சார் வசதியான பாகங்களை மட்டும் கழற்றிக் காட்டுகிறார். நிலத்தை விட்டுவிட்டாரே.

சிங்கப்பூரின் 1966 நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1973இல் அதற்கு ஒரு திருத்தம்: இழப்பீடு என்பது 1973 நவம்பர் 30 அன்றைய விலை அல்லது அரசிதழில் அறிவித்த நாளின் விலை, எது குறைவோ அது. நிலச்சொந்தக்காரர் சந்தை ஏற்றத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், வாங்க முடியாது. இன்று நிலத்தில் சுமார் 90 சதவீதம் அரசு கையில். அதன் மேல்தான் அடுக்குமாடி, ரயில், தொழிற்பேட்டை எல்லாம். இங்கே இந்தியாவில் 2013 சட்டப்படி தனியார் திட்டத்துக்கு 80 சதவீதம் பேர் சம்மதம், கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம், சமூகத் தாக்க ஆய்வு, கிராமத்தில் சந்தை மதிப்பைப்போல நான்கு மடங்கு வரை இழப்பீடு. ஒரு புறவழிச்சாலை முடிவதற்குள் இரண்டு தேர்தல் வந்துவிடுகிறது.

சிங்கப்பூரின் மத்திய சேம நிதியைப் பாருங்கள். 1984இல் தொழிலாளி 25, முதலாளி 25, ஆக 50 சதவீதம். சம்பளத்தில் இவ்வளவைப் பிடித்து வைக்கும் தைரியம் தோல்வி பயமுள்ள எந்த அரசுக்கு வரும்?

இன்னொன்று. பஞ்சம் ஜனநாயகத்தில் வராது என்று பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் சொன்னதை எல்லாரும் இழுக்கிறார்கள். அவர் சொன்ன மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். பஞ்சத்தைத் தடுக்கும் அதே ஜனநாயகம், சத்தமில்லாத தினசரி அரைவயிற்றுப் பசியைப் பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளாமல் விடும் என்பதும் அவர் எழுதியதுதான். பள்ளி, தடுப்பூசி, ஆயுள் என்று எதை எடுத்தாலும் சீனா நம்மை முந்தியது சாட்டைக் காலத்தில்தான்.

பழைய கெஜட்

சுண்ணாம்புக்கல் சொல்லும் மறுபாதி சரி, மறுக்கவில்லை. நிலக் கணக்குதான் இடிக்கிறது.

2013 சட்டத்துக்கு முன் இங்கே இருந்தது 1894 சட்டம். சம்மதம் கேட்க வேண்டாம். 17ஆம் பிரிவின்படி 'அவசரம்' என்று அரசு எழுதினால் ஆட்சேப விசாரணையே வேண்டாம். இழப்பீடோ, விலையைக் குறைத்துப் பதிந்த பழைய பத்திரங்களை வைத்துக் கணக்கிட்டது. அதாவது 2013 வரை, நூறு வருஷத்துக்கும் மேலாக, சிங்கப்பூர் அரசுக்கு இருந்த அதே ஆயுதம் நம் அரசுகளின் கையிலும் இருந்தது. எடுத்த நிலம் முள் முளைத்துக் கிடந்ததற்கும், எடுத்து நாற்பது வருஷமாகியும் நட்ட ஈடு வழக்கு முடியாததற்கும் ஓட்டுரிமை காரணமில்லை. அங்கே வெளியேற்றப்பட்ட கம்போங் (கிராமக் குடியிருப்பு) குடும்பத்துக்கு மாற்று வீடு ஒதுக்கக் கையில் வீடு கட்டிவைத்த வீவக இருந்தது. இங்கே எடுப்பது ஒரு துறை, குடியமர்த்துவது யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, 2007இல் சிங்கப்பூரே சந்தை விலைக்கு மாறிவிட்டது.

சேம நிதி 50 சதவீதம் என்றீர்கள். 1985இல் பொருளாதாரம் சுருங்கியது, கூலிச்செலவு ஏறிப்போனது ஒரு காரணம் என்று அரசின் குழுவே கண்டுபிடித்தது, 1986இல் முதலாளி பங்கை 25இலிருந்து 10ஆகக் குறைத்தார்கள். தைரியத்துக்கு உதாரணமாக அதைக் காட்டுவது கொஞ்சம் வேடிக்கை.

சாட்டைக்கு சிங்கப்பூரை மட்டும் உதாரணம் காட்டுவது, லாட்டரியில் விழுந்தவனை மட்டும் பேட்டி எடுப்பதுபோல. அதே காலத்தில் கொஞ்சம் வடக்கே ஒருவர் இருந்தார், நே வின். 1962 மார்ச்சில் ரங்கூனில் ஆட்சியைப் பிடித்தார். உலகப் போருக்கு முன் உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. கடைகளை, ஆலைகளை அரசுடைமையாக்கினார். 1964இல் 50, 100 கியாத் நோட்டு செல்லாது. தமிழர்கள் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பர்மா பஜார் அந்தக் கணக்கில் முளைத்ததுதான். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாத் நோட்டுகளை மாற்றித் தராமலே செல்லாக்காசாக்கினார். புதிதாக வந்தவை 45, 90. ஒன்பதால் வகுபடும் எண்கள்! அதே ஆண்டு ஐநா பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது. அதிகாரத்தில் லீக்கும் நே வின்னுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த ஆள் வந்து உட்காருவார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் வசதிதான் நமக்கு இல்லை.

அளவுகோல்

இதுவரை யாரும் தொடாத ஒரு பாகம்: கெட்ட செய்தி மேலே போய்ச் சேரும் வழி. என் கணக்கில் இரண்டு முறைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு வேகத்தில் இல்லை, இங்கேதான்.

சீனா, 1958. உற்பத்தியை ஒரேயடியாக உயர்த்த மாவோ தொடங்கிய 'மாபெரும் பாய்ச்சல்' திட்டம். ஒவ்வொரு வட்டச் செயலாளரும் பக்கத்து வட்டத்தைவிட அதிக விளைச்சல் காட்ட வேண்டிய கட்டாயம். அறிவித்த தானிய உற்பத்தி 37.5 கோடி டன். உண்மையில் விளைந்தது சுமார் 20 கோடி. அரசுக் கொள்முதல் அறிவித்த கணக்கின்படிதான் நடக்கும். இதை ஓர் ஊரளவில் போட்டுப் பாருங்கள். விளைந்தது 100 மூட்டை, எழுதியது 200, அரசு பங்கு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியில் ஏறுவது 60 மூட்டை. ஊருக்கு மிஞ்ச வேண்டிய 70க்குப் பதில் 40. விதைநெல்லும் அதற்குள்தான். 1959இல் விளைச்சல் சுமார் 17 கோடி டன்னாக விழுந்தது, கொள்முதல் ஏறியது, அதே ஆண்டு 40 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதியும் செய்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் லூஷான் கூட்டத்தின்போது மாவோவுக்குத் தனிக் கடிதமாக எழுதிப் பார்த்தார், பதவி போனது. அமைச்சருக்கே இந்தக் கதி என்றால் வட்டச் செயலாளர் வாய் திறப்பாரா? பட்டினிச் சாவு பற்றிய மதிப்பீடுகள் 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை. யாருக்கும் மக்களைக் கொல்லும் நோக்கம் இருந்திருக்க வேண்டியதில்லை, உண்மையை எழுதினால் நாற்காலி போகும் என்ற ஏற்பாடு போதும்.

எதிர்ப்பக்கம் 1972-73 மகாராஷ்டிர வறட்சி. பேப்பரில் படம் வந்தது, சட்டசபையில் கேள்வி வந்தது, நிவாரண வேலைகளில் உச்சத்தில் சுமார் 50 லட்சம் பேர் கல் உடைத்தார்கள், மண் வெட்டினார்கள். கஷ்டம் கொடுமையானதுதான், ஆனால் சீனாவில் நடந்தது நடக்கவில்லை.

சிங்கப்பூரிலேயே இதற்கு அருமையான சோதனை ஒன்று நடந்திருக்கிறது. 1972இல் 'இரண்டோடு நிறுத்து' பிரசாரம். பிள்ளை எண்ணிக்கை கூடக்கூடப் பிரசவக் கட்டணம் கூடும், சம்பளத்தோடு பேறுகால விடுப்பு முதல் இரண்டுக்கு மட்டும், பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை பறிபோகும். 1975இலேயே பிறப்பு விகிதம் ஈடுசெய் அளவுக்கு, அதாவது மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்கப் போதுமான அளவுக்கு, இறங்கிவிட்டது. கொள்கையைத் திருப்பியதோ 1987இல். இடையில் 12 வருஷம், பிரேக் போட்ட வண்டியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார்கள். 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தை.

அதே துறையில் இன்னொரு திட்டம்: 1984இல் பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை. கூடவே, அதிகம் படிக்காத ஏழைத் தாய் ஒன்றிரண்டு பிள்ளையோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சி வாக்கு 77.7இலிருந்து 64.8 விழுக்காடாகச் சரிந்தது. 1985இல் பள்ளி முன்னுரிமை எடுக்கப்பட்டது. ஒரே அரசு, ஒரே அமைச்சரவை, இரண்டும் பிறப்பு பற்றிய தவறான முடிவுகள். வாக்குப்பெட்டியில் பட்டது ஒரு வருஷத்தில் திருந்தியது, படாதது 12 வருஷம் ஓடியது.

கட்டாயம் இல்லாமல் வேலை நடக்காது என்பவர்களுக்கு: 1979இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3.5 குழந்தை, 1991இல் 2.2. ஒரே குழந்தைச் சட்டத்தோடு சீனா அதே காலத்தில் 2.8இலிருந்து 2.0.

சுண்ணாம்புக்கல்

கடைசி எண் எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பர்மா ஒரு ஓரம், சிங்கப்பூர் இன்னொரு ஓரம். சராசரி என்ன சொல்கிறது? தென்கொரியாவும் தைவானும் இருக்கின்றனவே. பத்து வருஷக் கெடு வைத்து ஆளைக் கொண்டுவந்தால் என்ன?

அளவுகோல்

சராசரி பற்றிச் சுருக்கமாக. பதவியில் இருக்கும்போதே நோயாலோ விபத்தாலோ இறந்த 57 தலைவர்களை ஜோன்ஸ், ஓல்கென் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2005இல் ஆராய்ந்தார்கள். ஜனநாயக நாடுகளில் தலைவர் இறந்தால் வளர்ச்சி விகிதம் அசையவில்லை. தனியாட்சி நாடுகளில் பலமாக ஏறியது அல்லது இறங்கியது. வாங்குவது நிரந்தர வைப்பா, சூதாட்டச் சீட்டா என்ற வேறுபாடுதான். 2019இல் பொருளாதார அறிஞர் அசெமோக்லு குழுவினர் 1960 முதல் 2010 வரையான தரவுகளில் கண்டது, ஜனநாயகத்துக்கு மாறிய நாட்டின் தலைவருமானம் 25 ஆண்டில் சுமார் 20 சதவீதம் கூடுதலாகிறது என்பது. தனியாட்சி நாடுகள் தாங்களே அறிவிக்கும் வளர்ச்சி எண்களை அப்படியே நம்பிக் கூட்டினால் கணக்கு வேறு மாதிரி வரும். இரவில் எரியும் விளக்குகளின் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டவர்கள் அங்கே ஊதிப் பெருக்கல் கணிசமாக இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

கெடு விஷயம் எளிது, ஏற்கெனவே முயன்று பார்த்தாயிற்று. தென்கொரியாவில் பார்க் சுங் ஹீக்கு இரண்டு முறைதான் என்று அரசமைப்பே சொன்னது. 1969இல் மூன்று ஆக்கினார், 1972இல் எண்ணிக்கையையே எடுத்துவிட்டார். 1979 அக்டோபர் 26 அன்று அவருடைய உளவுத்துறைத் தலைவரே சாப்பாட்டு மேசையில் சுட்டுக்கொன்றார். தன்னை இறக்க வேறு வழி எதையும் பார்க் யாருக்கும் வைத்திருக்கவில்லை. பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் இரண்டாவது, கடைசி முறை முடிய இன்னும் ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்தபோது, 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம் போட்டார். இறங்கியது 1986இல், அதுவும் விரட்டி. சீனா உங்கள் பத்து வருஷத்தை அப்படியே எழுதிவைத்திருந்தது: 1982 அரசமைப்பில் அதிபருக்கு ஐந்தைந்தாக இரண்டு முறை. 2018 மார்ச்சில் அதை நீக்க நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, நடுநிலை 3. கட்சிப் பொதுச்செயலாளர் பதவிக்கு முதலிலிருந்தே எழுதிய வரம்பு கிடையாது. நிஜ அதிகாரம் அங்கேதான்.

வடகரை வாசகன்

எல்லாருக்கும் நன்றி. இதைச் சொன்னதும் அடுத்து வருவது 'எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது' என்பதுதான். அதற்கும் யாராவது எழுதுங்களேன்.

பழைய கெஜட்

1975 ஜூன் 25 இரவு அறிவிப்பு. அமைச்சரவை கூடி முடிவெடுக்கவில்லை, மறுநாள் காலையில்தான் அவர்களுக்கே சொன்னார்கள். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் 4-1 என்று தீர்ப்பளித்தது: காவலில் வைத்தவரை ஆட்கொணர்வு மனு போட்டும் மீட்க முடியாது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார், தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது.

சாட்டை வேலை செய்யும் விதத்துக்கு நல்ல உதாரணம் கருத்தடை. ஆசிரியருக்கும் கிராம அலுவலருக்கும் 'கேஸ்' பிடிக்க இலக்கு. இலக்கு தவறினால் பல இடங்களில் சம்பளம் நின்றது. 1976-77இல் சுமார் 83 லட்சம் அறுவைச் சிகிச்சைகள். இலக்குக்காகக் கிழவர், கல்யாணமாகாதவர் என்று பார்க்காமல் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே விழுந்தது. குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரையே அரசு 'குடும்ப நலம்' என்று மாற்ற வேண்டியதாயிற்று.

பிறகு 1978இல் 44ஆவது திருத்தம் சில பூட்டுகளைப் போட்டது. 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவை முடிவு எழுத்தில் வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஒப்புதல். 21ஆம் பிரிவு, அதாவது உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமை, எக்காலத்திலும் நிறுத்திவைக்க முடியாது. மக்களவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் எழுதிக் கேட்டால் 14 நாளில் தனிக்கூட்டம் கூட்டியாக வேண்டும்.

பூட்டு எல்லாக் கதவிலும் இல்லை. நெருக்கடி நிலை இல்லாமலே, தமிழ்நாட்டுக் குண்டர் சட்டம் 1982 இன்றைக்கும் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை உள்ளே வைக்கும். எந்தக் கட்சி வந்தாலும் அது இருக்கும்.

சுண்ணாம்புக்கல்

ஆனால் 1977 தேர்தலில் தமிழ்நாடு அதிமுக, காங்கிரஸ் கூட்டணிக்குத்தானே 39இல் 34 கொடுத்தது? எமர்ஜென்சியில், 1976 ஜனவரி 31 அன்று, இங்கே ஆட்சியையே கலைத்திருந்தார்கள். அப்படியும் கோபம் இல்லையே.

பழைய கெஜட்

உத்தரப் பிரதேசத்தில் 85 தொகுதி, பிகாரில் 54. இரண்டிலும் காங்கிரசுக்குப் பூஜ்ஜியம். கருத்தடை முகாம் லாரிகள் அதிகம் ஓடியது வடக்கேதான். தணிக்கை இருந்ததால் அங்கே நடந்தது இங்கே பேப்பரில் வரவில்லை. கெட்ட செய்தி போய்ச் சேரும் வழி பற்றி அளவுகோல் மேலே எழுதியதை இன்னொரு தரம் படியுங்கள்.